பக்கத்து வீட்டு வாசகர்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு, அப்பா எழுதுவது. எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவில் ஒரே சுவர், அதனால் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். வீணாகப் பயப்படுகிறேனோ என்று இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன்.

விஷயம் வாரப் பத்திரிகையில் வரும் உன் தொடர்கதை. பக்கத்து வீட்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அதைப் படிக்கிறார். அவரை நீ மருந்துக்கடைக்காரராக்கினாய், வழுக்கையை எடுத்துவிட்டாய், எல்லாம் சரி. ஆனால் மனைவி வெளியே போய் வந்ததும் அவள் செருப்பைத் திருப்பி, அடியில் என்ன மண் ஒட்டியிருக்கிறது என்று பார்க்கும் பழக்கத்தை அப்படியே வைத்துவிட்டாய். அந்த ஒரு வரியில்தான் அந்த ஆள் உயிரோடு எழுந்து நிற்கிறான் என்று அம்மாவிடம் நானே பெருமைப்பட்டேன். அவரும் அந்த வரியில்தான் தன்னைக் கண்டுகொண்டார்.

கோபப்படுவார் என்று நினைத்தேன், இல்லை. தினமும் கடையை மூடிவிட்டு நேரே இங்கே வந்து என் நாற்காலியில் உட்காருகிறார். கேட்காமலே என் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார், துடைத்து முடிக்கும்வரை எனக்கு அவர் குரல் மட்டும்தான், முகம் தெரிவதில்லை. "உங்க பொண்ணு நல்லாத்தான் எழுதுது சார், ஆனா அந்தாளு பொண்டாட்டியப் பாத்துக் கத்துறான் பாருங்க, அங்கதான் சறுக்கிடுச்சு. அந்த மாதிரி ஆளு கத்தவே மாட்டான்" என்றார். அம்மா சமாளித்துக்கொண்டு, "கதைன்னா கொஞ்சம் சத்தம் வேணாமாண்ணே" என்றாள். சிரித்தார்.

நேற்று சிரிக்கவில்லை. போன அத்தியாயத்தில் அந்த மனைவி ஓடிப்போகத் துணிப்பை கட்டி ஒரு வீட்டில் ஒளித்து வைக்கிறாள் அல்லவா, "அந்தப் பை எந்த வீட்ல இருக்குன்னு அடுத்த வாரம் வந்துடுமா சார்?" என்று கேட்டுவிட்டு நம் அலமாரி, பரண், கட்டிலடி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். அம்மா உன்னிடம் சொன்னதைத்தான் எழுதினாய், உன்னைக் குறை சொல்லவில்லை, அவ்வளவு தூரத்தில் இருப்பவளுக்கு இங்கே யார் படிக்கிறார்கள் என்று எப்படித் தெரியும். அவர் மனைவியின் பை நம் தையல் மிஷின் மூடிக்குள் இருக்கிறது. அதன் மேல்தான் டீ கிளாஸை வைத்திருந்தார்.

அந்தப் பெண்ணைக் கூட்டிப்போக அவள் அண்ணன் வெள்ளிக்கிழமை வண்டியோடு வருகிறார். உன் அத்தியாயம் வியாழனே வந்துவிடும். கதையை நிறுத்திவிடாதே, நிறுத்தினால் அதுவே அவருக்குப் பதில். ஆசிரியரிடம் கெஞ்சியாவது மாற்று, அவள் பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டதாக எழுது. எனக்குக் கதை எழுதத் தெரியாது, ஆனாலும் சொல்கிறேன், புருஷன் மேல் திடீரென்று பாசம் வந்ததாக எழுதாதே, அவர் நம்பமாட்டார். மழை பிடித்தது, பையின் வார் அறுந்தது என்று ஏதாவது அற்பக் காரணம் வை. பயந்தவர்கள் அற்பக் காரணத்துக்குத்தான் திரும்பிப் போவார்கள், அது எனக்குத் தெரியும். அந்த ஆளையும் இந்த முறை கத்தவிடாதே. அவர் சொன்ன திருத்தம், ஏற்றுக்கொண்டாய் என்று மகிழ்ந்துபோவார், மகிழ்ந்தவர் ஒரு நாளாவது அசந்திருப்பார்.

நேரத்துக்குச் சாப்பிடு, அம்மா சொல்லச் சொன்னாள். படித்ததும் இந்தப் படத்தை அழித்துவிடு, பதிலுக்குச் சரி என்று மட்டும் போடு.

இதுவரை உனக்கு வாய்க்காத திறமையெல்லாம் இந்த ஒரு வாரம் உன் கைக்கு வரட்டும் என்று ஆசீர்வதிக்கும்,
அப்பா