எண் வெட்டிய படங்கள்

தென்காசி,
சித்திரபானு வருஷம், ஆவணி 28

கோயம்புத்தூரில் இருக்கும் என் மகன் சிரஞ்சீவி குத்தாலிங்கத்துக்கு, குற்றாலநாதர் துணையுடன் அப்பா எழுதிக்கொள்வது. உனக்குத் தீர்க்காயுசு உண்டாகட்டும். இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விடவில்லை. சாரல் ஓய்ந்து குற்றாலத்தில் கூட்டமும் குறைந்துவிட்டது.

உன் கடித உறையில் பசை இரண்டு தடவை தடவியிருந்தது. ஒட்டியது நீதானா, வழியில் வேறு யாராவதா? அதனால் இதைத் தபாலில் போடவில்லை. கோவைக்கு வரும் வெற்றிலை வியாபாரி ஆதமிடம் கொடுத்திருக்கிறேன். அவனையும் முழுக்க நம்ப முடியாது என்பதால் முறுக்கு டின்னின் அடியில் வைத்திருக்கிறேன்.

சென்னையில் குண்டு விழும் என்று சித்திரையில் எல்லோரும் ஓடியபோது, பத்திரத்துக்காக நீ அங்கிருந்து வீட்டுக்கு அனுப்பிய படத்தாள் கட்டை இப்போது கேட்கிறாய். ஐப்பசிக்குள் கோவைப் படக் கம்பெனியில் கொடுத்தால்தான் வேலை நிலைக்கும் என்கிறாய். அதில் என்னால் ஒரு தப்பு நடந்துபோயிற்று.

நாடகத்துக்குத் திரை எழுதினாய். ஆலங்குளத்தில் கடைகளுக்குப் பலகை எழுதினாய். போட்டோக்களுக்கு வர்ணம் தீட்டினாய். அவை எனக்குப் புரிந்த வேலை. படத்தை நடக்க வைக்கிறேன் என்று நீ சொன்னதை மட்டும் நான் நம்பவே இல்லை. ஒரே குரங்கு, ஒரே மீசைக்காரன், இருநூற்றுப் பன்னிரண்டு தாளில். ஒவ்வொன்றிலும் வால் ஒரு நூல் அளவு தள்ளி, கை ஒரு நூல் அளவு தள்ளி. ஓரத்தில் இரண்டு துளை, மூலையில் எண். போன மாதம் வெள்ளைக்காரனுக்கு எதிரான கலகத்தில் இந்தப் பக்கமெல்லாம் தந்திக்கம்பி அறுப்பும் வீட்டுச் சோதனையுமாக இருந்தது. ஹெட் கான்ஸ்டபிளாகப் பிறர் வீட்டுப் பெட்டிகளைக் கிளறியவன் நான், இதைப் பார்த்தால் என்ன நினைப்பேன்? வால் காட்டும் திசை ஏதோ சங்கேதம் என்றுதான் நினைத்தேன். மகன் எந்தக் கூட்டத்தில் சேர்ந்திருக்கிறானோ என்று பயந்தேன். எண் இல்லாவிட்டால் யாராலும் படிக்க முடியாதென்று எல்லா மூலையையும் கத்தரித்து அடுப்பில் போட்டேன். தாள்களைச் சீட்டுப்போலக் கலைத்தும் விட்டேன்.

"நாலு காயிதத்துக்கு எதுக்கு இம்புட்டுச் சந்தேகம்? பிள்ளைட்ட கேட்டா சொல்லுதான்" என்று அம்மா அன்றே சொன்னாள். நான் கேட்கவில்லை.

உன் கடிதம் வந்தபின் உன் தங்கை குருவம்மாளும் நானும் எட்டு நாளாக வாலையும் கையையும் ஒத்துப் பார்த்து அடுக்கினோம். முந்தாநாள் அவள் தாள்களைக் கட்டைவிரலால் விறுவிறுவென்று விட்டுப் பார்த்தவள், "அப்பா, இங்கன வாங்க, குரங்கு அசையுது!" என்று கத்தினாள். போய்ப் பார்த்தேன். அருவித் தண்ணீரில் தத்தளித்த குரங்கை மீசைக்காரன் கைகொடுத்துப் பாறைமேல் ஏற்றினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று அன்றுதான் தெரிந்தது.

பிறகு குருவம்மாள் அடுக்கைத் தலைகீழ் வரிசையில் விட்டுப் பார்த்தாள். அதே மீசைக்காரன் பாறையில் நின்ற குரங்கைக் கையைப் பிடித்துத் தண்ணீரில் தள்ளினான். இரண்டும் தடங்கலில்லாமல் ஓடுகின்றன. தண்ணீர்த் துளி ஏறுகிறதா விழுகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். துப்புக் கிடைக்கவில்லை.

அந்த மீசை ஒரு பக்கம் தூக்கி, ஒரு பக்கம் தொங்குகிறது. தினமும் கண்ணாடியில் பார்க்கிற எனக்கு, தென்காசியில் அப்படி மீசை யாருக்கு என்று தெரியாதா? உன் பதினாறாம் வயதில் வர்ணக் கிண்ணங்களைச் சிற்றாற்றில் வீசி எறிந்தவனும் அவன்தான். நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

எது முதல் தாள் என்று ஒரு வரி எழுது. அந்த வரிசையில் எண் போட்டு நானே கொண்டுவந்து தருகிறேன். தள்ளுவதுதான் கதை என்றாலும் ஒரு தாளைக்கூட ஒளிக்க மாட்டேன். ஆனால் மகனே, முப்பத்தொரு வருஷம் அடுத்தவன் பொய்யைத் தோண்டி எடுத்தே பிழைத்தவன் நான். காப்பாற்றுகிறான் என்று நீ எழுதினால், அதை மட்டும் துருவிப் பார்க்க மாட்டேன்.

உன் கைக்கு ஒரு குறையும் வராதிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்
உன் அப்பா,
சுந்தரபாண்டியன்