பென்சில் தந்த கவர்

ஆமாம் அக்கா, கேட்டுவிட்டேன். நீங்கள் சொன்னபடியே, நீங்கள் போன பிறகுதான் கேட்டேன். பென்சில் அண்ணா சொன்ன பதிலை நீங்கள் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள்.

அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் கை முழுக்க மாவு.

சூப்பைக் கெட்டியாக்கலாம் என்று உருளைக்கிழங்கு மாவுப் பொட்டலத்தை எடுத்தேன். கத்தரிக்கோல் தேடச் சோம்பல். பல்லால் கடித்து இழுத்தேன். கறுப்பு ஸ்வெட்டர் வெள்ளையாகிவிட்டது. விரலில் ஒட்டியதைத் தேய்த்தபோது அந்தச் சத்தம் வந்தது, உறைபனியை மிதித்தால் வருமே, அது. உடனே உங்கள் குரல். "கரம் பலகைக்கு உதைவிட நல்ல பவுடர் உலகத்திலை இல்லை. நோர்வேக்காரர் உதைச் சூப்பிலை போட்டு வீணாக்கினம்."

சூப் அப்படியே இருக்கிறது. தண்ணீராக.

நாம் சந்தித்தது ஒஸ்லோவின் குறொன்லாண்டில், ஒரு மளிகைக் கடையில். நான் சென்னையிலிருந்து படிக்க வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கேரம் போர்டு கிடைக்குமா என்று கடைக்காரரிடம் கேட்டேன். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த நீங்கள் திரும்பினீர்கள்.

"என்ன போர்ட்?"

"கேரம் போர்டு."

"கேரமோ? அது ஆர், கரட்டின்ரை தங்கச்சியோ? கரம் எண்டு சொல்லும் பிள்ளை."

எனக்குச் சுருக்கென்றது. "எங்க ஊர்ல கேரம்தான். எங்க தெருவுல என்னை யாரும் ஜெயிச்சதில்ல."

"அப்பிடியோ," என்றீர்கள், அவ்வளவு பணிவாக. "எனக்கு உது பெரிசா விளங்காது. வீட்டை ஒரு பலகை சும்மா கிடக்கு. வந்து ஒருக்காக் காட்டித் தாருமன்."

வந்தேன். முதல் ஆட்டம் நான் வென்றேன். இரண்டாவதும் நான்தான், மயிரிழையில். மூன்றாவதற்கு முன்பு, தோற்றவர் நான்கு ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் கழுவ வேண்டும் என்று ஒரு பந்தயம். அதைச் சொன்னது நான்தான் என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதுதான் உங்கள் திறமை.

மூன்றாவது ஆட்டத்தில் எனக்கு ஸ்ட்ரைக்கரைத் தொடும் வாய்ப்பே ஒருமுறைதான் வந்தது.

நான்கு ஞாயிறு. நான் கழுவக் கழுவ நீங்கள் கதை சொன்னீர்கள். கரம் ஆட்டக்காரர்களைப் பற்றிய என் புத்தகம் அந்தப் பாத்திரத் தொட்டியில்தான் தொடங்கியது.

நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்டில் நீங்கள் மீன் வெட்டிய காலம். அங்கே போய் இறங்கிய தமிழர்கள், ஆலையில் கழித்துப்போட்ட ஒட்டுப்பலகையில் கரம் செய்தார்கள். மூலைப் பைகளுக்கு மீன்வலைத் துண்டு. ஸ்ட்ரைக்கர், மீன் வெட்டும் பிளாஸ்டிக் பலகையிலிருந்து வட்டமாக அறுத்தது. எவ்வளவு கழுவினாலும் வாசம் போகாது. விடுமுறை கிடைத்தால் நீங்கள் கப்பலேறி அடுத்த ஊருக்குப் போவீர்கள். அங்கும் ஓர் ஆலை, அங்கும் நம் பொடியன்கள், அங்கும் ஒரு பலகை. பொரித்த ரோல்ஸ் அடுக்கிய பெரிய சட்டியைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்காரர் பின்னால் வருவார். அவருக்கு ஆட்டமே தெரியாது. அதனால் அவர் முகம் உங்களைக் காட்டிக்கொடுக்காது.

ரோல்ஸ் பரிமாறுவீர்கள். தேத்தண்ணி கொடுப்பீர்கள். பலகையோரம் நின்று கொஞ்ச நேரம் பார்ப்பீர்கள். பிறகு, "எனக்கும் ஒருக்கா அடிக்கத் தருவியளோ?"

"அக்கா, உது சம்பல் அரைக்கிற அலுவலில்லை."

"ஓம் தம்பி. எந்த விரலாலை தட்டுறது? இதாலையோ?"

இதை நடித்துக் காட்டும்போது உங்கள் சுட்டுவிரல் உண்மையாகவே முட்டாள் விரலாகிவிடும். நான் கழுவிய தட்டைத் திரும்ப நுரைக்குள் போட்டுவிட்டுச் சிரிப்பேன்.

பந்தயத்துக்குக் குளிர் ஜாக்கெட். ஒரு பனிக்காலத்தில் ஐந்து ஜாக்கெட்டுகள் வென்றீர்கள். நான்கைத் திருப்பிக் கொடுத்தீர்கள். "பொடியள் விறைச்சுச் செத்தா நான் ஆரோடை ஆடுறது?"

உங்களைப் பற்றிய செய்தி அடுத்த ஊருக்குப் போகாதா என்று கேட்டேன்.

"தோத்தவன் எவன் சொல்லுவான், ரோல்ஸ் கொண்டுவந்த மனுசியிட்டை ஜாக்கெட்டைக் குடுத்தனான் எண்டு? அவங்கடை வெக்கத்திலைதான் நான் ஊர் ஊராப் போனனான்."

அப்படி ஏமாற்றுவது சரியா என்றும் கேட்டேன். படித்த பெண் அல்லவா. நீங்கள் கோபப்படவில்லை. "பலகைக்கு வெளியிலைதான் பிள்ளை ஏமாத்து. பலகைக்கு மேலை ஒருநாளும் இல்லை."

ஐந்தாவது ஞாயிறு, கழுவ வேண்டிய கட்டாயம் இல்லாமலே வந்தேன். கையில் ஒரு சின்ன கேசட் ரெக்கார்டர்.

ஒரு வருடம் அலைந்தோம், நீங்களும் நானும். பழைய ஆட்டக்காரர்களைத் தேடி, பஸ்ஸில், டி-பானா ரயிலில். குளிர்ந்தால் ஓடாது என்று ஸ்ட்ரைக்கரை வாயில் அடக்கி வைத்திருந்தவர் ஒருவர், பேச வேண்டி வந்தால் கன்னம் மாற்றுவாராம். தோற்றால் பலகைக்கு மன்னிப்புச் சொல்பவர் ஒருவர். எல்லாரும் கடைசியில் அந்த ஓர் ஆட்டத்துக்கு வந்து நிற்பார்கள். நீங்கள் ஒஸ்லோவுக்குக் குடிவந்த புதிதில், ஒரு மண்டபத்தில் நடந்த போட்டி. இறுதி ஆட்டம். எதிரே பென்சில். அவ்வளவு மெலிவாக இருந்ததால் அந்தப் பெயர். நீங்கள் தோற்ற ஒரே பெரிய ஆட்டம். அதைச் சொல்லும்போது எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிச் சிரிப்பார்கள். "பை வாயிலை கிடந்த காய் மனுசியின்ரை கண்ணுக்குத் தெரியேல்லை."

நீங்களும் கூடச் சிரிப்பீர்கள். நான் அதைக் கவனித்தேன். உங்கள் சிரிப்பு அவர்களுடையதைவிடக் கொஞ்சம் சீக்கிரமாக முடியும்.

உங்கள் சொந்த ஒலிநாடாவில் அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரே வரிதான். "பென்சில் கவர் தந்தவர். நான் எடுக்கேல்லை." பிறகு தேத்தண்ணி ஊற்றும் சத்தம்.

அந்த வரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

புத்தகத்தின் திருத்தப் பிரதியோடு நான் வந்த நாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தீர்கள். "'ஆட்டத்துக்கு நடுவே பென்சில் ஒரு கவரை நீட்டினார். அக்கா அதைத் தொடக்கூட இல்லை.' தங்கச்சி, உது என்ன கவர்?"

"அதாங்க்கா. பணம் வச்ச கவர்."

"ஆர் தந்தது?"

"பென்சில் அண்ணா. நீங்கதானே சொன்னீங்க, கவர் தந்தார், எடுக்கலைன்னு."

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தீர்கள். பிறகு உங்கள் தோள் குலுங்கத் தொடங்கியது. எழுந்து போய்க் குளிர்சாதனப் பெட்டியைப் பிடித்துக்கொண்டீர்கள். "என்வலப்போ! ஐயோ, பென்சிலோ! அந்த மனுசன் பஸ்ஸுக்கே சில்லறை வைச்சிருக்கிறேல்லை!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"உங்கடை ஊரிலை சிவப்பு விழுத்தினாப் பிறகு, அடுத்த அடியிலை சொந்தக் காய் விழுத்த வேணுமெல்லோ? அதுக்கு என்ன சொல்லுறது?"

"ஃபாலோ."

"இஞ்சை கவர்."

என் முகம் போன போக்கைப் பார்த்து இன்னும் சிரித்தீர்கள். உங்களுக்கு இன்னும் தெரியாதது ஒன்று இருந்தது. மற்ற நாடாக்களிலும் எல்லாரும் கவர், கவர் என்றே பேசியிருந்தார்கள். "ஹம்மர்ஃபெஸ்டிலை எனக்கு லேசான கவர் கிடைச்சது." "அவன் கவருக்காகப் பொறுத்துப் பொறுத்து இருந்தவன்." நான் அதற்காகத் தனியாக ஓர் அத்தியாயமே எழுதியிருந்தேன். பதினொரு பக்கம். குளிர் ஊர்களில் கையூட்டு எப்படிச் சமூக உறவாகிறது என்று. அடிக்குறிப்புகளோடு.

அதையும் நீங்கள் வாசித்தீர்கள். கண்ணைத் துடைத்துத் துடைத்து, கடைசி அடிக்குறிப்பு வரை. "நல்லா எழுதியிருக்கிறீர்," என்றீர்கள். "பொலிஸ் வந்து எங்களை எல்லாரையும் மறியலிலை அடைக்கலாம்."

சிரித்து ஓய்ந்த பிறகுதான் சொன்னீர்கள்.

பென்சிலுக்கு ஒரே ஒரு கறுப்பு மீதி. உங்களுக்கு இரண்டு வெள்ளை. சிவப்பு நடுவில். அவர் முறை. லேசான அடியை விட்டுவிட்டு எங்கோ தட்டினார். அது உங்கள் வெள்ளைக் காயொன்றைத் தள்ளிக்கொண்டுபோய்ப் பையின் வாயில் நிறுத்தியது. ஊதினால் விழும். பென்சில் அப்படித் தவறுகிறவர் இல்லை. பெண் என்று இரங்கிவிட்டார் என்று உங்களுக்குப் பட்டது. நீங்கள் சிவப்பை விழுத்தினீர்கள். அடுத்து கவர். வாயில் கிடந்ததைத் தொடவில்லை. பலகையின் அடுத்த கரையில் கிடந்த மற்ற வெள்ளையைக் குறிவைத்தீர்கள். தவறியது. சிவப்பு நடுவுக்குத் திரும்பியது. பென்சில் சிவப்பையும் தன் கறுப்பையும் விழுத்தி முடித்துவிட்டார்.

"ஏன்க்கா?"

"அதை எடுத்து வெண்டிருந்தா, பிறகு எல்லாரும் எனக்கு விட்டுத் தரத் தொடங்கியிருப்பினம். அதோடை என்ரை ஆட்டம் முடிஞ்சுது."

"அப்போ இத எழுதலாமே. கண்ணு தெரியலைன்னு இத்தனை வருஷமா சொல்றாங்களே."

"சொல்லட்டும். எழுதினா பென்சிலுக்கு வெக்கம். எனக்குத் தெரியும் எண்டு அவருக்குத் தெரியாது." கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தீர்கள். "நான் போனாப் பிறகு வேணுமெண்டா கேளும். அவர் சம்மதிச்சா எழுதும்."

அதை ஒரு விளையாட்டுப் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன். பிப்ரவரியில் உங்கள் இதயம் நின்றுபோனது. இறுதிச் சடங்கு மண்டபத்தில் பென்சில் அண்ணா கடைசி வரிசையில், கையில் தொப்பியோடு நின்றார். நான் புத்தகத்தை நிறுத்தி வைத்தேன். அந்த ஓர் ஆட்டம் சரியாக வராமல் அதை வெளியிட எனக்கு மனமில்லை. கண் தெரியாதவர் என்று நீங்கள் அச்சில் ஏறிவிடக் கூடாது.

நேற்று லோறென்ஸ்கூக்கில் பென்சில் அண்ணா வீட்டுக்குப் போனேன். பஸ் ஓட்டுகிறார் இப்போது. பெயர் மட்டும்தான் பென்சில், வயிறு ஸ்டியரிங்கைத் தொடும். கூடத்தில் உட்காரவைத்துத் தேத்தண்ணி தந்தார். நான் நேராகவே கேட்டேன், அன்று ஏன் அக்காவுக்கு விட்டுக்கொடுத்தீர்கள் என்று.

"ஆர் விட்டுக் குடுத்தது?"

நீங்கள் சொன்னதைச் சொன்னேன். கோப்பையை வைத்துவிட்டார்.

"அவவுக்கோ? நானோ? பிள்ளை, அவவுக்கு விட்டுக் குடுக்க எனக்கென்ன விசரே? அண்டைக்கு விரலிலை கொப்புளம். வேலை செய்த சமையலறையிலை எண்ணெய் தெறிச்சது. தட்டேக்குள்ளை நொந்துது, ஸ்ட்ரைக்கர் வழுக்கிப்போச்சு. அவ்வளவுதான்!"

அக்கா, அது வெறும் கொப்புளம்.

சிரிப்பு வந்தது எனக்கு. அவர் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னார். "நான் நினைச்சன் அவதான் எனக்கு விட்டுத் தந்தவ எண்டு."

"உங்களுக்கா?"

"பின்னை? அவவின்ரை கண்ணுக்கு அந்தக் காய் தெரியாதோ? ஒரு பேப்பர் அளவு இடைவெளியும் தெரியிற கண். புதுசா வந்து கிடைச்ச வேலை செய்து திரியிற பொடியன் எண்டு பாவம் பாத்திட்டா எண்டு நினைச்சன். அதுக்குப் பிறகு அவவோடை ஆட முகமில்லை."

எழுந்து கீழே போனார். நிலவறையில் எதையோ உருட்டும் சத்தம். குளிர்கால டயர்களுக்குப் பின்னாலிருந்து அந்த வெற்றிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு காது உடைந்திருந்தது. இத்தனை வருடத்தில் ஒருநாளும் அதை மேலே வைக்கவில்லையாம். மனைவிக்கே தெரியாதாம்.

இரண்டு பேரும், அக்கா. இவ்வளவு காலமும். ஒருவர் தராததை மற்றவர் மறுத்து, மறுத்ததைத் தனக்கு விட்டுத் தந்ததாக இவர் நினைத்து. இப்போது அவரும் சிரிக்கத் தொடங்கினார். சட்டையால் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டே, விக்கி விக்கி. உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்து, "என்ன, லொட்டோப் பரிசே விழுந்தது?" என்றார்.

கிளம்பும்போது வாசலில் நிறுத்தினார். "நீர் ஒண்டு செய்யும். புத்தகத்திலை அவ வெண்டதெண்டு போடும். நான் சம்மதம். இதையும் கொண்டுபோம்." கிண்ணத்தை நீட்டினார்.

இப்போதுதான் உண்மையாகவே விட்டுக்கொடுக்கிறார். நல்ல மனதோடு. எனக்கு ஆசையாகக்கூட இருந்தது.

"அக்கா எடுக்க மாட்டாங்க அண்ணா," என்றேன்.

நீட்டிய கையைத் தாழ்த்தினார். "ஓம்," என்றார். "எடுக்கமாட்டா. நடந்ததையே எழுதும்."

கிண்ணத்தை நானே வாங்கி, அவர் கூடத்தில், தொலைக்காட்சிக்கு மேலே இருந்த தட்டில் வைத்தேன். அவர் அதை நடுவுக்கு நகர்த்தினார்.

உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது என்ன என்று யோசித்துப் பார்த்தேன். ஆட்டம் வரவில்லை, அது வராது. ஆனால் இப்போதெல்லாம் யாராவது எனக்குச் சாதகமாக ஒன்றைச் செய்தால், ஒன்றைச் சொன்னால், புரிந்துவிட்டதாகத் தலையாட்டுவதில்லை. அப்படியென்றால் என்ன என்று கேட்கிறேன். பல்கலைக்கழகத்தில் எனக்கு மெதுவானவள் என்று பெயர் வந்துவிட்டது. இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்து கையூட்டு அத்தியாயத்தின் பதினொரு பக்கத்தையும் அழித்தேன். இறுதி ஆட்டத்துக்கு நீங்கள் சொன்னதையும் அவர் சொன்னதையும், உங்கள் இருவர் பேச்சிலேயே, அடுத்தடுத்துப் போட்டேன். அதன் கீழே, "ஆட்டத்தில் பென்சில் வென்றார்," என்று எழுதினேன். இன்று காலை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.