அம்மாவின் இதயத்தில் குறையில்லை

பத்துபஸ்தி

அன்புள்ள ஸ்ரீநிவாசுக்கு அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம், இந்த முறை அப்படி எழுத டாக்டரின் அனுமதியும் இருக்கிறது. ஹாம்பர்க்கில் குளிர் எப்படி, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். அன்று கோபமாகப் போனை வைத்த பிறகு நீ கூப்பிடவில்லை, அம்மாவுக்கு மெசேஜ் மட்டும் வருகிறது, அதனால் நடந்ததை எழுதிவிடுகிறேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் பின்மண்டையில் யாரோ அடித்ததுபோல இருக்கிறது என்றாள், வாந்தி எடுத்தாள், மயங்கிவிட்டாள். ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள், கோடு தலைகீழாகக் கவிழ்ந்திருந்தது, பணியில் இருந்த சின்ன டாக்டர் ஹார்ட் அட்டாக் என்று சொல்லி ரத்தத்தை இளக்கும் ஊசிக்கு ஆள் அனுப்பினார். அந்த ஈசிஜியைத்தான் உனக்குப் படம் பிடித்து அனுப்பினேன். ஊசி வருவதற்குள் பெரிய டாக்டர் ஸ்வப்னா வந்து, நெஞ்சு வலித்ததா என்று கேட்டார், இல்லை, தலைதான் என்றேன். ஊசியை நிறுத்திவிட்டுத் தலையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அதற்குள் கண் விழித்த அம்மா, எனக்கென்ன பைத்தியமா, தலையை எதுக்குப் படம் எடுக்கிறீங்க என்று சண்டை போட்டாள். ஸ்கேனில் பார்த்தால் மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்திருந்தது. அந்த ஊசி ஏறியிருந்தால் கசிவு நின்றிருக்காது. இந்தத் தீவில் இதற்கு வைத்தியம் இல்லை, உடனே பிளேனில் சென்னைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார் டாக்டர்.

நீ போனில், முதல்ல ஹார்ட்டைச் சரி பண்ணுங்க, அதுவரைக்கும் பிளேன்ல ஏத்தாதீங்க, ஏதாவது ஆனா நீங்கதான் பொறுப்பு என்றாய். அதை அப்படியே டாக்டரிடம் சொன்னேன். தில் டீக் ஹை, திமாக் உஸ்கோ பரேஷான் கர் ரஹா ஹை என்றார், இதயம் நன்றாகத்தான் இருக்கிறது, மூளைதான் அதைத் தொந்தரவு செய்கிறதாம். மூளைக்கு இவ்வளவு பெரிய அடி விழும்போது அது நரம்பு வழியாக இதயத்தை விரட்டும், இதயத்தின் மின்னோட்டம் தடுமாறும், எக்கோ ஸ்கேனில் அம்மாவின் இதயம் ஒழுங்காகவே சுருங்கி விரிகிறது, துடிப்பு தப்பக்கூடும் என்பதால் மானிட்டரை மட்டும் எடுக்கக்கூடாது, ஆனால் ஈசிஜி நேராகட்டும் என்று காத்திருந்தால் ரத்தக்குழாய் மறுபடி வெடிக்கலாம் என்றார். கடல் தாண்டி மெயின்லேண்டுக்குக் கொண்டுபோகக் கையெழுத்துப் போட்டேன். அது என் கையெழுத்து மாதிரியே இல்லை, வாங்கிக்கொண்டார்கள்.

சென்னையில் மூளை ரத்தக்குழாயில் இருந்த வீக்கத்தை உள்ளிருந்தே அடைத்தார்கள். தலை தேறத் தேற ஈசிஜியும் நேராகிவிட்டது, இதயத்துக்கென்று யாரும் தனியாக ஒன்றும் செய்யவில்லை. அம்மா இப்போது வீட்டுக்குள் நடக்கிறாள், இடது கை மட்டும் கொஞ்சம் மெதுவாக வருகிறது. தலையில் கோளாறு என்று தெருவில் சொல்லக்கூடாது என்பது அவள் உத்தரவு, ஹார்ட் என்றே சொல்லிவைத்திருக்கிறோம், அதனால் பக்கத்து வீட்டு ரெங்கம்மா எண்ணெய் இல்லாமல் சமைத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கிறாள். அதைச் சாப்பிட்டுவிட்டு அம்மா என்னிடம், எனக்கு ஹார்ட் நல்லாத்தானே இருக்கு, ரெண்டு அப்பளம் பொரிங்க என்கிறாள்.

குளிரில் காதை மூடிக்கொள். அங்கிருந்து யாரிடமும் மாத்திரை கொடுத்தனுப்பாதே, சில சாதாரண வாந்தி மாத்திரைகள்கூட துடிப்பைத் தடுமாற வைக்குமாம், டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக்கூடாது. நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நீ நன்றாக இருக்க வேண்டும். போன் பண்ணு, அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாள். உன் குரலைக் கேட்டால் அவளுக்கு இதயம் வேகமாக அடிக்குமே என்று நீ மெசேஜில் பயந்திருந்தாய். அதையும் டாக்டரிடம் கேட்டுவிட்டேன். அடிக்கட்டும் என்றார்.

உன் அப்பா
கண்ணையா