ஐஸ் போட்ட கால்

லெக்சிங்டன், கென்டக்கி
ஏப்ரல் 2

அன்புத் தங்கை லொரெட்டாவுக்கு,

சௌக்கியம்தானே? போனில் பேசினால் சண்டைதான் வருகிறது, எழுது என்றாய். எழுதுகிறேன், பார்.

ஜூனிபர் 13ஆம் தேதி பந்தயத்தில் ஓடுகிறாள். சவாரி உன் மகள் நோரா. குதிரைக்கு முன்னங்காலில் பழைய காயம் உண்டல்லவா? குதிரை வைத்தியரான நீ படம் எடுத்துச் சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் மைதானத்தில் விடுவார்களாம். தினமும் விடிந்ததும் குதிரைகளின் காலைத் தடவிப் பார்க்கிற என் கையை நம்ப ஆளில்லை! "மாமா, அம்மா மட்டும் சரின்னு சொல்லட்டும், ஜெயிச்சுக் காட்டறேன்" என்று நோரா குதிக்கிறாள். கெடுத்துவிடாதே, தாயே.

அண்ணன் வென்டெல்

லூயிவில்
ஏப்ரல் 5

அன்புள்ள அண்ணா,

உன் கைக்குச் சூடும் வீக்கமும்தான் தெரியும். நான் கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை ஊசியில் போடுவேன். தசைநாணில் காயம் தொடங்கியிருந்தால் அந்த இடம் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், படத்தில் பளிச்சென்று தெரியும். வீக்கம் வருவதற்கு முன்பே பிடித்துவிடலாம்.

ஒன்று மட்டும் கேள். ஐஸ் போடாதே. கால் குளிர்ந்தால் ரத்தம் ஓடாது, சர்க்கரையும் போய்ச் சேராது. கம்பளி சுற்றிக் கொண்டு வா. உன் பிடிவாதத்தை என் பெண்ணின் முதுகில் ஏற்றாதே.

லொரெட்டா

லெக்சிங்டன்
ஏப்ரல் 12

என் தங்கமே,

படம் சுத்தம் என்று எழுதிக் கொடுத்தாயே, நீ நன்றாயிரு! நாளைக்கு ஓட்டம். இனிச் சொன்னால் என்ன, திட்டாதே. புதன்கிழமை விடிகாலையில் தடவினேன், இடது கால் சுட்டது. சுடுகிற காலோடு எந்தக் குதிரைக்காரன் வைத்தியரிடம் போவான், மானம் போய்விடாதா? ஐஸ் உறை மாட்டியே வண்டியில் ஏற்றினேன். உன் வாசலில் கழற்றிவிட்டுக் கம்பளி சுற்றினேன். சூடு இறங்கிவிட்டது, உன் படமும் சுத்தம். அப்புறம் என்ன?

அண்ணன்

லூயிவில்
ஏப்ரல் 15

வென்டெல்,

உன் கடிதம் இன்று வந்தது. ஜூனிபரைச் சனிக்கிழமையே திரை கட்டி மறைத்து, ஊசி போட்டுக் கொன்றுவிட்டார்கள். கடைசி வளைவில் அறுந்தது அதே இடது காலின் தசைநாண்தான்.

"கால் ஏன் சில்லுன்னு இருக்கு?" என்று புதன்கிழமை உன்னைக் கேட்டேன். "வழியெல்லாம் காத்துடி" என்றாய். அண்ணன் சொல்கிறானே என்று நம்பிக் கையெழுத்துப் போட்டேன், பாவி. போனில் பேசாதே, எழுது என்றவளும் நான்தான். ஒரு வார்த்தை போனில் உளறியிருந்தால்கூடத் தடுத்திருப்பேனே!

நோராவின் இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. இனிக் குதிரை ஏற மாட்டாள். அவளுக்கு இன்னும் தெரியாது. மயக்கம் தெளிந்ததும், "மாமா எங்கேம்மா? ஜூனிபர் எப்படியிருக்கு?" என்றுதான் கேட்டாள்.

குதிகால் தசைநாணும் கிழிந்திருக்குமோ என்று நாளைக்குப் படம் எடுக்கிறார்கள். அவள் காலுக்கு நானே கம்பளி சுற்றிக் கூட்டிப்போகிறேன். நீ வராதே. இனி எழுதவும் எழுதாதே.

நோராவின் அம்மா