வாலிபாலில் பட்ட காயம்

வியாசர்பாடி,
23.7.2006

என் அன்புக்குரிய மகிழினி அப்பாவுக்கு,

அன்புக்கரசி எழுதுவது. ஜெய்பீம். நானும் மாமாவும் மகிழினியும் சுகமாக இருக்கிறோம். காங்கோ நாட்டு மழையில் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்பதுதான் எங்கள் எல்லோருக்கும் யோசனை. மகிழினிக்கு முன்பல் விழுந்துவிட்டது. தெருவில் யாரைப் பார்த்தாலும் வாயைத் திறந்து காட்டுகிறாள். கொடுங்கையூர் குப்பைமேட்டுப் புகை இரண்டு நாளாக இந்தப் பக்கமே அடிக்கிறது. மாமாவுக்கு இருமல். மருந்து வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

போனில் சொல்லாமல் எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன் என்று இரண்டு முறை சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. உங்கள் பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்கிறார்கள். கடிதத்தில் நான் சொல்வதை நீங்கள் முழுசாகக் கேட்டாக வேண்டும்.

உங்கள் வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது எனக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை கொடுங்கையூரிலிருந்து வேம்பு வந்தாள். உங்கள் ஹவில்தார் குமாரவேலின் மனைவி. வாசலிலேயே நின்றாள். டீ போடுகிறேன் என்றேன், வேண்டாம் என்றாள். மடித்து வைத்திருந்த ஒரு கடிதத்தை எடுத்து, "நீயே பட்ச்சிக்கோ அன்பு, என் வாயால சொல்ல முடியல" என்று என் கையில் வைத்தாள். குமாரவேல் அவளுக்கு எழுதியது.

எனக்கு நீங்கள் என்ன எழுதினீர்கள்? வாலிபால் ஆடும்போது விரல் பிசகிவிட்டது, அதனால் குமாரவேல் எழுதித் தருகிறார் என்று. நானும் நம்பினேன். மாமா கூட, இந்த வயசில் அவனுக்கு என்ன பந்து என்று திட்டினார்.

வேம்பு காட்டிய கடிதத்தில் எல்லாம் இருந்தது. ஜூன் மாதம் ஒன்பதாம் தேதி, ரோந்து முடிந்து முகாமுக்குத் திரும்பும் வழியில், சந்தைக்குப் போன லாரி ஒன்று பள்ளத்தில் சாய்ந்து கிடந்தது. உள்ளே பெண்களும் குழந்தைகளும். எங்கேயும் வண்டியை நிறுத்தக்கூடாது என்பது அன்றைய உத்தரவு. குமாரவேல் நிறுத்தச் சொன்னார். நீங்கள் கம்பிக்கயிற்றை மாட்டப் போனீர்கள். வண்டி சறுக்கியதில் கயிறு இறுகி விரல்களை நசுக்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது, உத்தரவை மீறினார் என்று குமாரவேல் மேல் கேள்வி வந்துவிடும் என்று நீங்கள் வாலிபால் ஆடும்போது வலைக் கம்பியில் மாட்டிக்கொண்டது என்று சொன்னீர்கள். கூட இருந்தவர்களும் ஆமாம் என்றார்கள். அப்படியே பதிவாகிவிட்டது.

அன்றிலிருந்து தனக்குத் தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறார் குமாரவேல். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பெட்டியில் வைத்திருக்கிறாராம். நீங்கள் சரி என்றால் மேஜரிடம் கொடுப்பாராம். நீங்கள்தான் ஒப்புக்கொள்ளவில்லையாம்.

வேம்பு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இந்த வருசம் அவுருக்குப் பிரமோசன் வரணும். அது போனாலும் போவட்டும். உன் வூட்டுக்காரு கைய வுட்டுட்டு நாங்க இன்னாத்த வாழ்றது?" பஸ் ஏற்றிவிட ஸ்டாப் வரை கூடவே போனேன்.

திரும்பி வந்து மாமாவிடம் சொன்னேன். அதற்கு முந்தின வாரம்தான் எங்களுக்குள் ஒரு சண்டை. உங்களை அங்கே வைத்திருக்கிற உலக சபை, அதான் ஐ.நா., ஒரு சிப்பாய்க்கு மாதம் ஆயிரம் டாலருக்கு மேல் நம் அரசாங்கத்துக்குக் கொடுக்கிறது என்று டீக்கடைப் பேப்பரில் பார்த்துவிட்டு வந்து, "தலைக்கு நாப்பத்தஞ்சாயிரம் வாங்குறான் பாரு, மேஸ்திரி கணக்கா! என் புள்ளைக்கு அதுல எவ்ளோ வருது?" என்று என்னிடம் கத்தினார். நீங்கள் எனக்கு மட்டும் தனியாக அனுப்புகிறீர்கள் என்றுகூட அவருக்குச் சந்தேகம். அக்கம்பக்கத்தில் சொல்லவே வேண்டாம். வல்லரசு டாலரில் வாங்குகிறான், மாடி எழுப்பப்போகிறான் என்று பேச்சு.

விரலைப் பற்றிச் சொன்னதும் மாமா சட்டையை மாட்டிக்கொண்டார். ராயபுரத்தில் அவருடைய பழைய தொழிற்சங்க ஆபீஸில் ரோஸ்மேரி என்று ஒரு அம்மா இருக்கிறார். அடிபட்ட தொழிலாளர்களுக்கு நஷ்டஈட்டு மனு எழுதிக் கொடுப்பவர். வா போகலாம் என்றார். மறுநாள் நான் அரைநாள் லீவு போட்டேன்.

அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார். அந்த ஆயிரம் டாலர் உங்கள் சம்பளம் இல்லையாம். ஆள் அனுப்பிய நாட்டுக்கு ஆகும் செலவுக்காக உலக சபை கொடுப்பதாம். பணக்கார நாடானாலும் ஏழை நாடானாலும் தலைக்கு ஒரே தொகை. அதுவும் நேரத்துக்கு வருவதில்லை. பணம் கட்டவேண்டிய நாடுகள் இழுத்தடித்தால், ஆள் அனுப்பிய நாடுதான் கையிலிருந்து போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும். நாலு வருஷமாகத் தொகையை ஏற்றவும் இல்லையாம். எங்கே படை போகவேண்டும் என்று முடிவு செய்கிறவர்கள் பெரும்பாலும் ஆள் அனுப்புவதில்லை, அனுப்புகிறவர்களை யாரும் கேட்பதும் இல்லை என்றார். கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு எங்கள் கன்டெய்னர் யார்டுதான் நினைவுக்கு வந்தது. அங்கேயும் வேலை செய்கிற நாங்கள் ஒரு இடம், முடிவெடுக்கிறவர்கள் வேறு இடம்.

அடிபட்டவர்களுக்கு என்று தனியாக இருக்கிறதாம். முன்பெல்லாம் செத்தாலும் ஊனமானாலும் நாட்டுக்கு நாடு வேறு தொகையாம். கொஞ்ச வருஷமாகத்தான் எல்லா நாட்டுச் சிப்பாய்க்கும் ஒரே அளவு. மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இன்னாம்மா சொல்ற? வெள்ளக்காரன் கைக்கும் என் புள்ள கைக்கும் ஒரே ரேட்டா?" என்று கேட்டார். ஆமாம், ஆனால் பணியில் இருக்கும்போது பட்டது என்று பதிவாகியிருக்க வேண்டும், விளையாட்டில் பட்டது என்றால் கஷ்டம், படைக்குள் இருக்கும் நடைமுறை எனக்கு முழுசாகத் தெரியாது என்றார் ரோஸ்மேரி அம்மா.

மாமா விரல் போன தன் இடது கையை மேஜைமேல் வைத்தார். உங்களுக்கு அவர் என்ன எழுதினார்? பஸ் கதவில் மாட்டி விரல் போச்சு என்று. அது பஸ் கதவு இல்லை. சாத்தாங்காட்டில் ஒரு இரும்புக் கடையில் தகடு இறக்கும்போது போனது. வீட்டில் பட்ட காயம் என்று கையெழுத்துப் போட்டால் ஆஸ்பத்திரிச் செலவு தருகிறேன் என்றாராம் முதலாளி. இவர் போட்டுவிட்டார். "வேல போய்டும்னு பயந்துகினு போட்டேன். புள்ள பட்டாளத்துல கீறான், அவன் மனசு கஷ்டப்படுமேன்னு பஸ்ஸுன்னு எய்துனேன்" என்றார். பத்து வருஷமாக நமக்கு இது தெரியாது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை நாளும் அவரைக் காசுக்கு அலைகிறவர் என்று நினைத்திருந்தேன்.

நான் பணத்துக்காக எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். வந்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், அது வேறு. ஆனால் வாலிபால் என்று எழுதியிருக்கும்வரை அந்த லாரியும் கிடையாது, அதில் இருந்தவர்களும் கிடையாது. ஒரு பந்துக்காகத்தான் உங்கள் விரல் போனது என்று ஆகிறது. என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

குமாரவேலைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னீர்கள். எனக்குப் புரிகிறது. இப்போது அந்தப் பொய் அவரையே தின்கிறது. அவர் எழுதி வைத்த தாளைக் கொடுக்கவிடுங்கள். நீங்களும் கூடப் போங்கள். உங்கள் காலில் விழுந்து கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

வலி இருக்கிறதா என்று நான் கேட்கப்போவதில்லை. இல்லை என்றுதான் எழுதுவீர்கள்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
உங்கள் அன்புக்கரசி


கோமா, காங்கோ,
19.8.2006

அன்புவுக்கு,

வல்லரசு இடது கையால் எழுதுவது. எழுத்து கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். ஒரு பக்கம் எழுத இரண்டு நாள் ஆகிறது. அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

உன் கடிதம் கிடைத்ததும் முதலில் கோபம்தான் வந்தது. குமாரவேலிடம் போய்ச் சண்டை போட்டேன். அவன் பெட்டியைத் திறந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினான். மறுநாள் காலை இரண்டு பேரும் மேஜரிடம் போனோம். அவர் முழுசாகப் படித்தார். ஏன் பொய் சொன்னாய் என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் குமாரவேல், எனக்காகச் சொன்னான் சார் என்றான். லாரியில் எத்தனை பேர் என்று கேட்டார். பதினொரு பெண்கள், ஆறு குழந்தைகள் என்றோம். அதையும் எழுதிக்கொண்டார். நிறுத்தியது ஒரு விஷயம், காயம் வேறு விஷயம், இரண்டும் காகிதத்தில் போகும் என்றார்.

விசாரணை நடந்தது. காயம் பணியில் பட்டது என்று பதிவை மாற்றிவிட்டார்கள். குமாரவேலுக்கு எச்சரிக்கை. இந்த வருஷப் பிரமோஷன் பட்டியலில் அவன் பெயர் இல்லை. நீ கொடுங்கையூருக்குப் போய் இதை வேம்புவிடம் நேரில் சொல்லிவிட்டு வா. கடிதத்தில் தெரிய வேண்டாம். என்ன சொல்லிச் சமாதானம் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரியும்.

இங்கிருந்து டெல்லிக்குப் போய், அங்கிருந்து உலக சபைக்குப் போகவேண்டுமாம் காகிதம். எப்போது என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. அதை நம்பி ஒன்றும் செய்யாதே.

நைனாவின் கை விஷயத்தைப் படித்துவிட்டு அன்று நான் சாப்பிடவில்லை. அவரிடம் அதைப் பற்றி நான் எதுவும் கேட்கமாட்டேன் என்று சொல்.

நவம்பரில் எங்களை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அன்பு, ஒரு உதவி. மகிழினிக்கு என் கையைப் பற்றி இப்போதே கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லி வை. நான் வந்து இறங்கும்போது குழந்தை பார்த்துப் பயந்து உன் பின்னால் போய் ஒளியக் கூடாது.

வல்லரசு