கணக்கில் ஐம்பத்தெட்டு

1934, மே 29
மகள் லூர்துமேரி எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டாள். கணக்கில் ஐம்பத்தொன்று. காப்பி ஆறுவதற்குள் ரகுபதி மகள் தேவானைக்கு எவ்வளவு என்று விசாரிக்கப் போய்விட்டேன். ஐம்பத்தெட்டாம். ஏன் போனேன்?

ஜூன் 2
ரகுபதி என்னோடு ஒரே பெஞ்சில் இருந்து, என் நோட்டைப் பார்த்து எழுதியவன். இன்று எங்கள் பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியர். நான் பதினெட்டு வருஷமாக நாலாம் பாரத்து வாத்தியார். கடற்கரைப் பெண்கள் கல்லூரியில் என் மகள் சேர வேண்டும், அவன் மகள் சேரக் கூடாது. அது ஒன்று போதும் எனக்கு.

ஜூன் 6
அவனே வீட்டுக்கு வந்தான், தேவானையின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தோடு. மயிலாப்பூரில் பாதிப் பேருக்குக் கல்லூரி விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவன் நான்.

"வேதநாயகம், இந்த மார்க்குக்குக் கடற்கரைக் கல்லூரி கிடைக்குமா?"

"கணக்குல அறுபது இல்லாம எடுக்க மாட்டாங்கப்பா. டீச்சர் டிரெய்னிங் ஸ்கூலுக்குப் போடு."

அப்படி ஒரு விதியே கிடையாது.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று எழுந்து போனான். மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

ஜூன் 7
மேரிக்குக் கடற்கரைக் கல்லூரி விண்ணப்பத்தை முத்து முத்தாக எழுதினேன். தானே போய்க் கொடுப்பதாகச் சொன்னாள்.

ஜூன் 23
பள்ளிக்கூடத்தில் ரகுபதி மைசூர்பாகு கொடுத்தான். தேவானைக்கு இடம் கிடைத்துவிட்டதாம்.

"கேட்டுப் பாத்தா அடிக்கவா போறாங்கன்னு அவளே போயிட்டா. அறுபதுன்னு யாரோ உன்னை நல்லா ஏமாத்தியிருக்கான்பா."

சிரித்தான். என் மேல் துளி சந்தேகம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்து மேரியிடம் கேட்டேன், உனக்கு ஏன் இன்னும் கடிதம் வரலேன்னு.

"நான் குடுக்கவே இல்லப்பா. நீங்க மாமாகிட்ட சொன்னது உள்ளே கேட்டுச்சு. அவளுக்கே கிடைக்காதுன்னா எனக்கெப்படி? என் மனசு நோகக் கூடாதுன்னு எழுதிக் குடுத்தீங்கன்னு நெனச்சேன்."

கடைசித் தேதி போய் எட்டு நாள் ஆகிறது.

ஜூன் 24
தேவானை சேர்ந்த விஷயம் மேரிக்குத் தெரிந்துவிட்டது.

"அப்ப எனக்கும் கிடைச்சிருக்குமாப்பா?"

இந்த வருஷம் விதியை மாத்திட்டாங்க போலிருக்கும்மா என்றேன். நம்பினாள். என்ன மனுஷன் நான்.

ஜூலை 2
மேரி டிரெய்னிங் ஸ்கூல் விண்ணப்பத்தைக் கொண்டுவந்தாள். எல்லாம் அவளே எழுதியிருந்தாள். தகப்பனார் கையொப்பம் மட்டும் பாக்கி. போட்டுக் கொடுத்தேன்.