கண்டக்டர் வராத ரயில்

அன்புள்ள அக்கா,

சனிக்கிழமை ஊட்டிக்கு வருகிறேன் என்று சொல்லி ஏமாற்றிவிட்டேன். கிளம்பினேன், வந்து சேரவில்லை. பஸ்ஸில் ஏறினால் அப்பாவைத் தெரிந்த கண்டக்டர் அவரிடம் சொல்லிவிடுவார். உன் காதல் கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் உன் பேச்சே கிடையாது என்பது உனக்குத் தெரியுமே. அதனால் குன்னூரில் முதல்முறையாக ரயில் ஏறினேன்.

பஸ்ஸில் போலவே காசைக் கையில் வைத்துக்கொண்டு கண்டக்டருக்காகக் காத்திருந்தேன். கறுப்புக் கோட்டு போட்டவர் வந்ததும் நீட்டி, "ஊட்டி ஒண்ணுங்க" என்றேன். எனக்கு அதுவே பெரிய பேச்சு.

"டிக்கெட் எடுக்காம ஏறிட்டு எங்கிட்டயே கேக்கறியா? அபராதம் கட்டு, இல்லேன்னா கேஸு, கோர்ட்டு!"

அவ்வளவு காசு என்னிடம் இல்லை. வெலிங்டனில் என்னை இறக்கி, அப்பாவுக்குப் போன் செய்தார்.

அப்பா ஃபேக்டரி உடுப்போடு ஓடிவந்தார். "ஏனுங்க, எம்புள்ள காசோடதானே உக்காந்திருந்தா? லேட்டா வந்தது நீங்கதானுங்க!"

"அக்காவப் பாக்கணும்னு அழுவுது. பாவம்னுதான் கேஸ் போடாம வெச்சிருக்கேன்" என்றார் அவர்.

அப்பா சட்டென்று என் பக்கம் திரும்பினார். செத்தேன் என்று நினைத்தேன். அபராதம் கட்டி, ரசீதையே வெகுநேரம் பார்த்தார்.

"இதுல ஊட்டி வரைக்கும் டிக்கெட்டும் சேர்த்தித்தானுங்களே?"

"ஆமா."

"அப்பறம் போகாம உட்டா நட்டமில்லீங்களா?"

அன்றைய ரயில்தான் போய்விட்டதே, வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். ஊட்டியைச் சுற்றிப் பார்க்கத்தானாம். இன்று காலையில் என் முகத்தைப் பார்க்காமல், "அந்தப் பையன் கறி திம்பானா?" என்று கேட்டார். என்ன சொல்லட்டும்?

உன் தங்கச்சி